சட்டைப் பையில் வந்த பேரிங்

இரண்டாயிரங்களின் தொடக்கம். புனேயில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் தமிழ் பேச எனக்கு இருந்த ஒரே ஆள், கோயம்புத்தூர்க்காரத் தோழி. ஞாயிற்றுக்கிழமை ஊரில் அவளுக்கு நிச்சயதார்த்தம். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலையை விட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். தட்டு மாற்றுவதற்குள் மாப்பிள்ளையிடம் நேரில் பேசிவிட வேண்டும் என்று அவள் துடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும். எங்கள் மேனேஜரோ, பக்கத்து ஆகுர்டியிலிருந்த பேரிங் தொழிற்சாலைக்காக அவள் எழுதிய புரோகிராமை அங்குள்ள இன்ஜினியர் ஒப்புக்கொண்டால்தான் லீவு என்றுவிட்டார். நல்ல மனுஷன்!

அந்த மராத்திக்கார இன்ஜினியருக்கு ஒரு பழக்கம். எந்தப் புரோகிராமைச் சோதிக்கப் போனாலும் சட்டைப் பையில் வேறு லாட்டில், அதாவது வேறு தயாரிப்புத் தொகுப்பில், வந்த பேரிங் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவார். வெள்ளி மதியம் வந்தார். நடப்பு லாட்டைச் சேர்ந்த, அளவு சரியான பேரிங்கை மட்டும் ஏற்பதுதான் புரோகிராமின் வேலை. பையிலிருந்ததன் லாட் எண்ணையும் அளவையும் கொடுத்தார். திரை 'பாஸ்' என்றது.

"நஹீ சலேகா", இது சரிப்படாது என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் சோதித்துப் பார்த்ததெல்லாம் நடப்பு லாட் பேரிங்குகளை வைத்துத்தான்.

அதுவரை நாங்கள் எழுதிப் பழகியது எர்லாங் என்ற கணினி மொழி. அதில் ஏற்கெனவே மதிப்பு உள்ள மாறியைப் பேட்டர்னில், அதாவது வருவதைப் பொருத்திப் பார்க்கும் அச்சில், வைத்தால், வருவது அதற்குச் சமமா என்று பார்க்கும். இந்தப் புரோகிராம் ஓகேமல் மொழியில். இங்கே பேட்டர்னில் எழுதும் பெயர் புது மாறியாகப் பிறக்கும். வெளியே அதே பெயரில் இருப்பது அந்தக் கிளைக்குள் மறைந்துபோகும். அவள் பழைய பழக்கத்தில், நடப்பு லாட் எண்ணை வைத்திருந்த 'லாட்' என்ற பெயரையே பேட்டர்னில் எழுதியிருந்தாள். வந்த பேரிங்கின் லாட் எண் அதில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. அதையடுத்துக் காவலாக நின்ற 'கார்டு' நிபந்தனையும் அந்தப் புது லாட்டுக்கு உரிய அளவைத்தான் சரிபார்த்தது. நடப்பு லாட் எது என்று யாருமே கேட்கவில்லை.

"வாசல்ல வாட்ச்மேனை நிறுத்திட்டு, வர்றவன்கிட்டயே 'நீ சரியான ஆளா'ன்னு கேக்கச் சொல்லியிருக்கியேடீ!" என்றேன்.

"கிண்டலெல்லாம் அப்புறம் வெச்சுக்க. ட்ரெயின் போயிரும்டீ!" அழாக்குறையாகச் சொன்னாள்.

பேட்டர்னில் வேறு பெயர் வைத்தாள். அது நடப்பு லாட்டுக்குச் சமமா என்ற கேள்வியைக் கார்டில் சேர்த்தாள். அவ்வளவுதான். இன்ஜினியர் திரும்பி வந்து நடப்பு லாட் பேரிங் ஒன்றின் விவரத்தைக் கொடுத்தார். பாஸ். பையிலிருந்ததைக் கொடுத்தார். ரிஜெக்ட்! நான் கைதட்டியே விட்டேன்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று அவர் கேட்க, நான் முழுக் கதையையும் ஒப்பித்தேன். அந்தப் பேரிங்கை அவள் கையில் வைத்து, "எடுத்துட்டுப் போம்மா, பையனையும் டெஸ்ட் பண்ணிடு" என்றார் ஹிந்தியில்.

ஊரிலிருந்து திரும்பியவளை ஆபீஸ் வாசலிலேயே மடக்கினேன்.

"என்னடீ, மாப்பிள்ளை பாஸா?"

"வேலையை விட மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன். 'நீங்க எதுக்கு விடணும்? நானே புனேயில வேலை தேடிக்கறேன்'னுட்டார்."

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. "அந்த பேரிங் எங்கடீ?"

"அவர் சட்டைப் பையில."