பெயர் சொல்லி ஜெபித்த அம்மா

அம்மா எங்களைவிட்டுக் கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் மகளின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்று சிலர் சொன்னார்கள். அம்மாவின் வாழ்க்கையில் நல்லது எது என்பதில் அவர்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

அம்மா கல்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விதைத்த குடும்பத்தில் பிறந்தார். சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த அப்பாவைத் திருமணம் செய்துகொண்டு கீழே இறங்கி வந்தார். திருமணத்துக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்ததால் பிறந்த வீட்டார் சில வருடங்கள் பேசவில்லை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, கரும்புத் தோட்டத்தில் பாம்பு தீண்டி அப்பா இறந்தார். அடக்கம் முடிந்த வாரமே அம்மா அதே தோட்டத்துக்குக் கரும்பின் காய்ந்த இலையான சோகையை உரிக்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை மட்டும் எந்தக் கூலிக்காகவும் விட்டதில்லை.

தம்பி வளர்ந்து, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டினான். பெண் பார்த்து நிச்சயம் செய்தோம். கோயிலில் திருமண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த வாரம்தான் அது நடந்தது.

அப்பாவின் பெரியப்பா மகன் ஒருவர் எங்கள் சபையில் மூப்பராக இருந்தார். கோயில் மணி அவர் வாங்கிக் கொடுத்ததுதான். தன் மாட்டுக் கொட்டகையில் பாக்கெட் சாராயமும் விற்றார். ஊருக்கே தெரியும், ஒருவரும் கேட்டதில்லை. தம்பியைக் கூப்பிட அம்மா அங்கே போனபோது, அவர் தன் கையாலேயே பாக்கெட்டை எடுத்துத் தம்பியிடம் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தார். மறுநாள் பட்டப்பகலில் தம்பி பாயில் எழுந்து உட்கார்ந்து, "எம்மா, லைட்ட போடும்மா. ஒண்ணுமே தெரியல" என்றான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அந்த மனிதரை 'அவர்' என்று எழுதுவது அம்மாவுக்காக. பெரியப்பா என்று முன்பு கூப்பிட்ட வாயை நான் என்றோ கழுவிவிட்டேன்.

போலீசார் வழக்குப் போட்டார்கள். பாக்கெட் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சியிலிருந்து நழுவினார்கள். சபைப் பெரியவர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஒரே ரத்தம், ஒரே சபை. போனவன் திரும்பி வரப்போறானா? மன்னிச்சி வுட்டுடும்மா" என்றார் ஒருவர்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மன்னிக்கறது என் வேல, நான் பாத்துக்கறேன். கோர்ட்டுல போயி பாக்கலன்னு பொய் சொல்லச் சொல்றீங்களே, அது எந்த ஊரு விசுவாசங்க?"

அடுத்த ஞாயிறு, விண்ணப்ப ஜெபத்துக்குப் போதகர் நேரம் விட்டபோது அம்மா எழுந்தார். ஜாமீனில் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருடைய பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து உரக்கச் சொன்னார். "கர்த்தாவே, என் புள்ளைக்கு வெசத்த வித்த இவுரு மனச திருப்பும்" என்று ஜெபித்தார். கோயிலில் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. நான் சொன்னேன், சத்தமாக.

வாரம் தவறாமல் அது நடந்தது. சாபம் விடுகிறாள் என்று பெண்கள் பேசினார்கள். வீட்டில் நானே கேட்டேன். "சாபம் இன்னாத்துக்குடி வுடணும்? அவுருக்காகத்தான் கேக்கறேன். பேரு சொல்லாம எப்டி கேக்கறது?" என்றார். அம்மாவுக்கு அது ஜெபம். எனக்கு அது அடி. அந்த மனிதர் கோயிலுக்கு வருவதை நிறுத்தியபோது, காலியான முன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நான் பாடிய பாட்டுகளைப் போல அதற்கு முன்பு பாடியதில்லை.

மலையிலிருந்து அம்மாவின் தம்பியான என் மாமா இறங்கி வந்து, அந்த மனிதருக்காகச் சாராயம் சுமந்ததைக் கூண்டில் ஏறிச் சொன்னார். அம்மாவும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு மடக்கியும் ஒரு வார்த்தை மாறவில்லை. தண்டனை வாசித்தபோது அம்மா அழுதார். நான் அழவில்லை. அந்த மனிதரின் முகத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிறையில் இருந்தபோது அவருடைய மனைவி படுக்கையில் விழுந்தார். அந்த வீட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. அம்மா கஞ்சித் தூக்கோடு கிளம்பினார்.

"அவ வூட்டுக்கா போய்க்கினு இருக்கே?" என்று வழிமறித்தேன்.

"புருசன் செஞ்சதுக்கு அவ இன்னாடி பண்ணுவா? நவுரு."

நகர்ந்தேன். மனம் நகரவில்லை.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி அம்மா படுத்துவிட்டார். தண்டனை முடிந்து வந்திருந்த அந்த மனிதர் ஒரு மாலை எங்கள் வாசலில் நின்றார். அம்மா பார்த்துவிட்டு, பழைய முறை மாறாமல், "உள்ள வாங்க மாமா" என்றார். அவர் அழுதார்.

"நான் மன்னிச்சி ரொம்ப நாளாச்சி. ஆனா கோர்ட்டுல சொன்னது சொன்னதுதான். நாளைக்கி கேட்டாலும் அதான் சொல்லுவேன்" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "அவங்களுக்குத் தண்ணி குடு" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. என் கணவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

அடக்கத்தன்று அவர் கொண்டுவந்த மாலையை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். இதை வருத்தத்தோடு எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

கூண்டில் ஏறிய மாமாவுக்கும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோ ஓட்டுநருக்கும், பயந்தாலும் அம்மாவின் ஜெபத்தை ஒருநாளும் தடுக்காத போதகர் ஐயாவுக்கும், குழி வெட்டிய கைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, அம்மாவின் அடக்கத்தில் முன்னால் நின்று அழுதவர்களுக்கு என்னிடம் நன்றி இல்லை.

அம்மாவின் விசுவாசம் பெரியது. மன்னிக்கவும் செய்தார், விட்டுக்கொடுக்கவும் இல்லை. எனக்கு இதுவரை இரண்டாவதுதான் வாய்த்திருக்கிறது. முதலாவதை எனக்கும் தரச்சொல்லி அம்மா அங்கே கேட்டுக்கொண்டிருப்பார், என் பெயரைச் சொல்லி.

இந்த மலரின் முதல் பிரதியை அந்த மனிதரின் வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.