திருநீறு நனைந்த இடம்

காய்ச்சலில் என் மூக்கு செத்துப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கார் மெக்கானிக்குக்கு வாடை தெரியாது என்று ஓசூரில் பரவினால் யார் வண்டியை விடுவார்கள்? அதுவரை பானட்டைத் திறக்கும்போதே என்ன கருகுகிறது, எது கசிகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரும் விடவில்லை. டப்பாவில் இருப்பது தண்ணீரா பெட்ரோலா என்பதை யாரும் பார்க்காதபோது விரலை விட்டு, அந்தச் சில்லிப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சிப்காட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை, தினமும் தானே காரோட்டி வருபவர். வழியில் சானமாவுக் காட்டில் யானை கடக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். யானை கண்ணில் படாது. காடு மட்டும் சத்தமில்லாமல் நிற்கும். அப்படி நிற்கும்போதெல்லாம் காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறது, ஓட ஆரம்பித்தால் போய்விடுகிறது என்றார். நான் பானட்டைத் திறந்து, பெரிய இவனாட்டம் முகர்ந்தேன். டார்ச் அடித்தும் பார்த்தேன். ஈரம் இல்லை.

"வாடையே இல்லம்மா. உங்களுக்கு அப்பிடித் தோணுது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அதே கார் வந்தது. ஓட்டிவந்தவர் அவருடைய கணவர். அவ்வளவு புழுதியிலும் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். பக்கத்து சீட்டில் அந்தப் பெண், கையில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு. முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் காகிதத்தில் மடித்த திருநீறும் இருந்தன.

கணவர் என்னைத் தனியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். மெக்கானிக்கே இல்லை என்று சொன்ன வாடை இவளுக்கு மட்டும் வருகிறது. அதுவும் காட்டில் வண்டி நின்றால்தான் வருகிறது. ஏதோ தொட்டுவிட்டது என்று வீட்டில் சொல்ல, அஞ்செட்டிப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப்போய் மந்திரித்தாயிற்று. திங்கட்கிழமை இவள் வேலையை விடுகிறாள், காரையும் விற்கப்போகிறோம், அதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்றார்.

என் ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணைப் பேய் பிடித்தவளாக்கிவிட்டிருந்தேன். இன்னும் வாடை வருகிறதா என்று அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"வருதுண்ணா. ஆனா நெசமா வருதா, எனக்குத் தோணுதான்னு இப்ப எனக்கே தெரியல."

பெட்ரோல் வரும் குழாயில் பிரஷர் கேஜை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் டேங்கில் பம்பு ஒரு நொடி முனகியது, முள் ஏறியது. சாவியை அணைத்தேன். ஷெட்டில் சத்தமே இல்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முள் கீழே இறங்க ஆரம்பித்தது. யாரும் எதையும் தொடவில்லை. கணவர் ஓரடி பின்னால் போனார்.

பெட்ரோல் எங்கோ போகிறது என்று மட்டும்தான் முள் சொல்லும். எங்கே என்று சொல்லாது. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டர்களும் காய்ந்தே கிடந்தன. என்ஜின் சூட்டில் கசிவது அந்தக் கணமே ஆவியாகிவிடும். மிஞ்சுவது வாடை ஒன்றுதான், அது எனக்கு இல்லை. என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். முன்பு நான் வேலை பார்த்த வார்ப்படக் கம்பெனியில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பார்க்க வெள்ளைப் பொடி அடிப்போம். அந்தப் பொடிக்கு இங்கே எங்கே போவது?

திருநீற்றைக் கேட்டேன். கணவருக்கு முகம் மாறியது. அந்தப் பெண்ணே எடுத்து என் கையில் கொடுத்தார்.

நாலு இன்ஜெக்டர்களின் கழுத்திலும் தூவி, சாவியைத் திருப்பித் திருப்பி அணைத்தேன். வெள்ளை அப்படியே இருந்தது. பிறகு மூன்றாவதில் ஒரு புள்ளி கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவியது. காரணம் தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது.

பேட்டரி வயரைக் கழற்றி, பிரஷரை இறக்கி, திருநீற்றைத் துடைத்து, இன்ஜெக்டரை உருவினேன். மேல் கழுத்தில் இருந்த ரப்பர் வளையம் கெட்டியாகி, மயிரிழை அகலத்துக்கு வெடித்திருந்தது. இதோடு மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். சூட்டில் ஒரு பொறி போதும். நாலுக்கும் புது வளையம் போட்டு, ஆயில் தடவி உட்காரவைத்தேன். மறுபடி கேஜ். இந்தத் தடவை முள் நின்ற இடத்திலேயே நின்றது.

இனியும் மறைத்தால் நான் மனிதன் இல்லை என்று தோன்றியது.

"பெட்ரோல்தாம்மா. அன்னைக்கும் பெட்ரோல்தான். காய்ச்சல்ல எனக்கு மூக்கு செத்துப்போச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்க மேல போட்டுட்டேன்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். கணவர்தான் மெதுவாகச் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே தள்ளினார். அவர் மணிக்கட்டிலும் அதே கறுப்புக் கயிறு.

"எனக்கும் அந்த வாடை வந்துச்சு" என்றார் மனைவியிடம். "மெக்கானிக் அண்ணன் இல்லைன்னுட்டாரா, என்னையும் புடிச்சிருச்சோன்னு தனியாப் போயிக் கட்டிக்கிட்டேன். உங்கிட்ட சொல்லல."

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. கணவரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார், அவர் கொடுத்தார்.

கார் ஷெட்டைவிட்டுப் பின்னால் நகரும்போது நாலு கண்ணாடிகளும் ஒவ்வொன்றாக மேலே ஏறின.