அத்தைமார் கட்டு

ஒரு தொழிலின் ஆபத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்து வைக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அதனால் அங்கே சொன்ன எதையும் பரீட்சை எழுதியதோடு விட்டுவிட மனம் வரவில்லை. செய்து பார்த்தேன். அதை ஒரு கல்யாண வீட்டில் செய்து பார்த்ததுதான் கோளாறாகிவிட்டது.

அருப்புக்கோட்டை விசைத்தறிகளில் பருத்திச் சேலை எடுத்து, போனில் படம் போட்டு விற்கிறேன். வீடு திருச்சுழி போகிற வழியில். வெளியூருக்குப் போகும் சேலைகளையெல்லாம் டவுனில் ஒரே கூரியர் ஆபீஸில்தான் கொடுத்துவந்தேன். அதை நடத்துகிறவர் எனக்கு மாமா முறை. நல்ல மனுஷர்தான். ஆனால் சொந்தத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் ஷட்டரை இறக்கிவிடுவார். சண்டை போடவும் முடியாது. அந்த விசேஷத்தில் நானும் இருப்பேன். ஊர்ப் பொங்கலன்று திருப்பூரிலிருந்து ஒரு அம்மா போன் போட்டு, "என் சேலை எங்கதான் இருக்கு?" என்று கேட்டபோது, அதை அனுப்ப வேண்டியவர் எங்கள் வீட்டில், என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். "வண்டில ஏத்தியாச்சுன்னு சொல்லு மாப்ள," என்று எலும்பை உறிஞ்சிக்கொண்டே எடுத்துக்கொடுத்தார்.

இந்த நிலையில்தான் கல்யாண ஆர்டர் வந்தது. மல்லாங்கிணற்றில் பிறந்து கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு அக்கா, தங்கச்சி கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும் முகூர்த்தத்தில் ஒரே மாம்பழக் கலரில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒவ்வொரு சேலையிலும் பெயர் ஒட்டித் தரச் சொன்னார்.

முன்பு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போது ஒரு நூல் மில்லில் காவலுக்கு இருக்கிற அப்பா, என் யாவாரத்தை நம்பவில்லை. "இந்தக் கல்யாணச் சேலை ஒழுங்காப் போய்ச் சேந்தா ஒன் இஷ்டம். இல்லேன்னா ஒண்ணாந் தேதி மில்லுக்கு வந்துரு. ஆபீஸ் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்," என்றார். சரி என்றேன்.

அதனால் ஆர்டரை மூன்றாகப் பிரித்தேன். ஒரு கட்டு மாமாவிடம். ஒரு கட்டு லாரி பார்சல் ஆபீஸில். ஒரு கட்டு, வண்டி எங்கே போகிறது என்று போனிலேயே காட்டுகிற புதுக் கம்பெனியில். அங்கே போய்ப் பிரிக்கிறவர்கள் பெயர் தேடிச் சிரமப்படக் கூடாது என்று, உறவு வாரியாகக் கட்டினேன். சித்தி பெரியம்மாக்கள் மாமாவிடம், தாய்மாமன் வீட்டுப் பெண்கள் லாரியில், பெண்ணின் அப்பாவோடு பிறந்த அத்தைமார் புதுக் கம்பெனியில். கட்டி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மாமா என் பைக்கில் இருந்த மற்ற இரண்டு கட்டையும் பார்த்துவிட்டார். "ஏலே மாப்ள, இது என்னா பழக்கம்? ஒரு வீட்ல சாப்ட்டுட்டு எதுத்த வீட்ல போயிக் கை கழுவுற மாதிரில இருக்கு."

"ரிஸ்க்கைப் பிரிக்கிறேன் மாமா."

"சொந்தத்தைப் பிரிக்கிறேன்னு சொல்லு," என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

முதலில் போய்ச் சேர்ந்தது மாமாவிடம் கொடுத்த கட்டுதான். அதைச் சொல்வதற்கென்றே அவர் எனக்குப் போன் போட்டார். அடுத்து லாரிக் கட்டு. அத்தைமார் கட்டு மட்டும் என் போனில் சென்னையில் நின்றுகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலமும் அங்கேயே நின்றது.

அக்கா மண்டபத்திலிருந்து கூப்பிட்டார். "தம்பி, எல்லாருக்கும் வந்துருச்சு, அத்தைமாருக்கு மட்டும் வரலை. நான்தான் வேணும்னே எடுக்கலைன்னு பேச்சாயிருச்சு. மாப்பிள்ளை அழைப்புக்கு எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்திருக்காக. ஸ்பீக்கர்ல போடுறேன், நீயே சொல்லு."

பெரிய அத்தையின் குரல் வந்தது. "ஏப்பா, எங்க சேலை எங்க இருக்கு?"

"சென்னையிலங்கம்மா."

"கல்யாணம் கோயம்புத்தூர்ல."

"அந்தக் கம்பெனில எல்லாச் சாமானும் சென்னை போயித்தான் வருதும்மா."

"மத்தவுக சேலை மட்டும் எப்படி நேரா வந்துச்சு?"

படித்ததைப் பொறுமையாக விளக்கினேன். "ஒரே வண்டில போட்டா, தவறிப்போச்சுன்னா மொத்தமும் போயிரும்லம்மா. அதான் மூணாப் பிரிச்சேன். ஒண்ணு தவறினாலும் ரெண்டு வந்துரும்."



"தவறுறது எங்களுதா இருக்கட்டும்னு நீ பிரிச்சியா, அவ பிரிக்கச் சொன்னாளா?"

"நான்தாம்மா. அக்காவுக்குத் தெரியவே தெரியாது."

"படிச்சிருக்கியா?"

"பி.காம் படிச்சிருக்கேம்மா."

"அதான்," என்றார் பெரிய அத்தை. பிறகு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "பய வெவரமில்லாம பண்ணிட்டான், அவ மேல தப்பில்ல. ஆனா எங்களுக்கு வார வரைக்கும் ஒருத்தியும் அந்தக் கலரைக் கட்டக் கூடாது," என்றார்.

அப்படியே நடந்தது. முகூர்த்தத்தில் ஆளுக்கொரு கலரில் நின்றார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தபோது கட்டு வந்தது. மொத்தப் பெண்களும் சேலை மாற்றப் போய்விட்டதால், பாயசம் ஊற்ற ஆளில்லை என்று அக்கா சொன்னார். அவர் அனுப்பிய கல்யாணப் படத்தில் அத்தைமார்தான் முன்வரிசை.

"மொத்தமும் போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார் அப்பா.

"சேந்துச்சு. முகூர்த்தத்துக்கு இல்ல, பந்திக்கு."

இது எந்தக் கணக்கில் வரும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பெரிய அத்தை போன் செய்தார். பேத்திக்குக் காதுகுத்தாம், அதே மாதிரி வேண்டும், இந்தத் தடவை கிளிப் பச்சையில். "ஒரே கட்டாக் கட்டு. வந்தா எல்லாருக்கும் வரட்டும். வரலேன்னா ஒருத்திக்கும் வர வேணாம்." அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினார்.

இப்போதும் மூன்று ஆபீஸிலும் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுச் சேலையை மட்டும் ஒரே வண்டியில்தான் போடுகிறேன். பெரிய அத்தையின் கட்டை யாரிடம் கொடுப்பது என்று நிறைய யோசித்து, கடைசியில் மாமாவிடமே கொண்டுபோனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. போன் போட்டேன்.

"இன்னைக்கு யாரு வீட்ல மாமா விசேஷம்?"

"ஒங்க வீட்லதான் மாப்ள. ஒங்கப்பா வரச் சொன்னாக. அத்தைமாரு கட்டு பத்திரமாப் போகணும்னு கோழி அடிச்சிருக்காக. மில்லுல ஒனக்குச் சொல்லி வச்ச வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டாகளாம். நீயும் வா, சாப்ட்டுட்டு அனுப்பிக்கிடலாம்."