சாய்மானம் வைத்த பெட்டி

மேல் மாடிக்காரர் தன் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் புதுப் பெட்டி பூட்டிய அன்று, என் கணவர் கீழே போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பெரிய விசயமில்லை. எல்லாம் பிளாஸ்டிக்" என்றார்.

அவர் சொன்ன விதத்திலேயே அது பெரிய விசயம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களுடையது தகரப் பெட்டி. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. சதுரமாக இருக்கும். கழற்றுவதென்றால் ஸ்பானரோடு நிலத்தில் குந்தவேண்டும். மூடிக்கு ஒரு கொண்டி, கொண்டிக்கு ஒரு பூட்டு. வெள்ளவத்தையிலிருந்து எங்கே புறப்பட்டாலும் அதன் விளிம்பு என் முதுகில் இடித்துக்கொண்டே வரும்.

அவர்களுடையது கறுப்பு, முட்டை வடிவம். பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். மேல் மாடிக்காரரின் மனைவி அதைச் சூட்கேஸ் போல் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பெட்டியின் முன்பக்கத்தில் மெத்தை வைத்த சாய்மானம் ஒன்று இருந்தது. அவள் அதில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கதிரையில் இருப்பவள் போலக் காலி வீதி நெரிசலில் போவதைப் பல்கனியில் நின்று பார்த்தேன். அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்க முடியவில்லை.

பிறகு எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டுக் கல்யாணம் கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நடந்தது. இரண்டு குடும்பமும் மோட்டார் சைக்கிளில்தான் போனோம். சேலையைப் பெட்டிக்குள் வைத்து, சல்வாரோடு போய், அங்கே உடுப்பதாக ஏற்பாடு. காலிமுகத்திடலைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

மண்டபத்தில் உடை மாற்றும் அறையில் என் சேலையை விரித்தேன். ஒரு கரை நனைந்து, துருக்கறை படிந்திருந்தது. அவளுடையதில் ஒரு துளி ஈரமில்லை.

"மூடியைச் சுத்தி றப்பர் பட்டி இருக்குது அக்கா. தண்ணி உள்ளுக்க போகாது" என்றாள். பெருமையாகச் சொல்லியிருந்தால் கோபப்படலாம். இரக்கத்தோடு சொன்னாள்.

ஒன்று மட்டும் ஆறுதல். அந்தப் பெட்டியின் அடி வளைவானது. அவளுடைய சேலை சுருண்டு கசங்கிப்போயிருந்தது. எங்கள் பெட்டியின் தட்டையான அடியில் என் சேலை மடிப்புக் குலையாமல் கிடந்தது. அந்தச் சந்தோசம் அவள் உடுத்து முடிக்கும்வரைதான். கசங்கலும் அவளுக்கு அழகாகவே இருந்தது. நான் கறையைக் கொசுவத்துக்குள் மறைத்து உடுத்தேன்.

சாப்பிட்டு, மறுபடி சல்வாருக்கு மாறி வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. நான் இடுப்பைப் பிடித்தபடி நிற்பதை அவள் கண்டாள்.

"முதுகு நோகுதோ அக்கா? எங்கட பைக்கில வாங்கோ. நான் ஓடுறன்."

"நீரோ?"

"ஓம். வவுனியாவில வேலை செய்யேக்க பைக்கிலதான் திரிஞ்சனான்." தன் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க அண்ணையோட வாங்கோ" என்றாள்.

கோட்டை நெரிசலில் பஸ்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஓட்டினாள். நான் சாய்ந்திருந்தேன். அவ்வளவு சுகமாக இருந்ததே எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் என் கணவருக்குப் பின்னே அவளுடைய கணவர், தகரப் பெட்டி குத்தாமல் இருக்க வில்லாக வளைந்து போனார். அதைப் பார்க்க மட்டும் இதமாக இருந்தது.

மரைன் டிரைவில் கடற்காற்று அடித்தபோதுதான் உறைத்தது: அதுவரை நான் பொறாமைப்பட்டது ஒரு பெட்டிக்கு. இவளுக்கு ஓடவும் தெரியும்.

வீட்டு வாசலில் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"எனக்கும் ஓடப் பழக்குவீரோ?"

"ஏன் இல்லை? ஞாயிற்றுக்கிழமை வாங்கோ அக்கா."

இப்போது ஞாயிறு காலைகளில் பழகுகிறேன். நான் கிளச்சைப் படக்கென்று விட்டு எஞ்சினை நிறுத்தும்போதெல்லாம், பின்னால் சாய்ந்திருப்பவள், "பரவாயில்லை அக்கா, திரும்ப எடுங்கோ" என்கிறாள். ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமையும் எனக்கு இல்லை.