அம்மா அழாத அத்தியாயம்

என் லேப்டாப் பழுதாகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. "எழுத்து வலப்பக்கத்துல இருந்து ஓடுதே, ரிப்பேருக்குக் குடுக்கலாமல்லா?" என்றார். அரபு என்றேன், கதை எழுதுகிறேன் என்றேன். மைசூர் விஜயநகரில் இத்தனை வேலை இருக்க, இவளுக்கு ஏன் இந்த வம்பு என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

நான் ஓமானில் ஒரு கடலோரச் சிற்றூரில் வளர்ந்தவள். அப்பா அங்கே லாரிப் பட்டறையில் மெக்கானிக். இந்தியப் பள்ளி வெகுதூரத்தில் இருந்ததால் உள்ளூர் அரபுப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியைக் கூட்டித் துடைத்தது என் அம்மா. தமிழ் வீட்டில் வந்தது, கன்னடம் மைசூருக்குத் திரும்பிய பிறகு வந்தது. கதை மட்டும் அரபில்தான் வருகிறது, நான் என்ன செய்ய? இங்கே படிக்க வரும் ஏமன் மாணவர்களுக்குச் சான்றிதழ் மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். மீதி நேரத்தில் எழுதுகிறேன். சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. வீட்டில் யாரும் படித்ததில்லை.

சென்ற ஆண்டு என் முதல் நாவலைப் போடக் கெய்ரோவில் ஒரு பதிப்பாளர் சம்மதித்தார். ஒரே ஒரு மாற்றம் கேட்டார். நாவலில், பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண் எழுந்து நிற்கிறாள். மேடையில் கவிதை சொல்லத் தன் மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஏன் விலக்கினீர்கள் என்று கேட்கிறாள். மற்ற தாய்மார்கள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவள் சொல்ல வந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறாள். இதில் அவள் பாதியிலேயே அழுதுகொண்டு வெளியே ஓட வேண்டுமாம். அப்போதுதான் வாசகர் மனம் இளகுமாம். முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்.

அந்த மகள் நான்தான். ஆனாலும் மனசு ஊசலாடியது. மற்ற பதிப்பாளர்கள் பதில்கூடப் போட்டதில்லை. ஒரு பக்கம்தானே, விட்டுக்கொடுத்தால் புத்தகம் வந்துவிடும்.

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நா அன்னைக்கு அழுவுலியே கண்ணு," என்றாள். "அழுவ வந்துச்சு. பல்லக் கடிச்சுட்டு நின்னேன்." முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "அதப் படிச்சுக் காட்டு," என்றாள்.

"அரபுலயாம்மா?"

"நா பேசுனதே அரபுலதான?"

படித்தேன். கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அம்மாவுக்கு இன்னும் அரபு இருக்கிறது. அவளுடைய பேச்சை நான் நல்ல நல்ல சொற்களாகப் பொறுக்கிக் கட்டியிருந்தேன். நாவலிலேயே சிறந்த பக்கம் அதுதான் என்று எனக்குள் கொஞ்சம் கர்வமும் உண்டு. அம்மா கடைசிவரை கேட்டாள்.

"இத்தன நல்லா நா பேசியிருந்தா, அவுங்க ஏங்கண்ணு சிரிச்சாங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அன்று அந்த மொழி அரைகுறை. அந்த அரைகுறையோடுதான், அத்தனை சிரிப்புக்கு நடுவில், அவள் பேசி முடித்தாள். கண்ணீரை ஒட்டப் பார்த்த பதிப்பாளர் மேல் மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்த நானே அந்த அரைகுறையை மறைத்து வைத்திருந்தேன்.

அன்றைக்கே அந்தப் பக்கத்தை உடைத்து எழுதினேன். தான் திக்கிய இடங்களை அம்மா மறக்கவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல, பிழைகளை அப்படியே வைத்தேன். ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், ஆனால் நீங்கள் கேட்டதல்ல, இவள் அழ மாட்டாள் என்று எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பினேன்.

அவர் ஒரே வரியில் மறுத்துவிட்டார். நாவலை இப்போது வேறு ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். காலையில் காப்பி டம்ளரை வைக்கும்போது அம்மா தவறாமல் கேட்கிறாள்.

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. வேண்டாங்கறாங்க."

"செரி, அடுத்தவங்களுக்கு அனுப்பு. அழுவ வெக்காம அனுப்பு."