புகைக்கூட வாசலில் அறுப்பின் பண்டிகை: மட்டக்களப்பிலிருந்து தெஹியோவிட்டவுக்கு

நல்ல செய்தியோடு வீடு திரும்பியவன் எழுதும் கட்டுரை இது. ஆகவே மழையையும் அட்டைக்கடியையும் பற்றி நான் சொல்லுமிடங்களிலும் முறைப்பாட்டின் தொனி தென்படாது என்று நம்புகிறேன்.

சென்ற ஐப்பசியில், சப்ரகமுவ மாகாணத்துத் தெஹியோவிட்டவுக்கு அருகேயுள்ள ஒரு ரப்பர் தோட்டத்துச் சிற்றாலயத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அறுப்பின் பண்டிகை ஆராதனையில் செய்தி கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். குருப்பட்டம் பெற்றவனல்லன். எனினும் எங்கள் சபையில் நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் நிற்கிறேன். கடலும் வாவியும் வயலும் சூழ்ந்த மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு, கடலே இல்லாத அம்மாகாணத்தைக் காணும் ஆவல் நெடுநாளாக இருந்தது. உடனே ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டதோடு நில்லாமல் ஒரு வேண்டுகோளும் விடுத்தேன். அத்தோட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து தாங்களே ரப்பர்ப் பால் வெட்டி, தாங்களே அதை ஷீட் எனப்படும் தகடாக அடித்துப் புகையூட்டும் புது முயற்சியில் இறங்கியிருப்பதாக அறிந்தேன். அவர்களுடைய முதல் ஷீட்டுகள் ஞாயிறன்று பீடத்தில் இருக்க வேண்டும் என்று வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினேன். முதற்பலனைப் பற்றி மூன்று இரவு உட்கார்ந்து பிரசங்கமும் எழுதினேன். அந்த வேண்டுகோள் எவ்வளவு பெரிய பிழை என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன்.

சிறுபோகத்து நெற்கதிர்க் கட்டொன்றோடு வெள்ளி காலை ஆறு பத்துக்கு மட்டக்களப்பில் ரயிலேறினேன். கொழும்புக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீற்றர். மாலை மூன்றரைக்கு இறங்கி, நண்பர் வீட்டில் தங்கி, சனி காலை ஆறரைக்கு அவிசாவளை பஸ்ஸைப் பிடித்தேன். கட்டணம் நூற்றுத்தொண்ணூறு ரூபா. இரண்டு மணித்தியாலத்தில் அவிசாவளை. நண்பகல்வரை நேரம் இருந்தமையால் அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள எஹலியகொடவையும் பார்த்து வந்தேன்.

எங்கள் பக்கத்தில் நிலம் தட்டையானது. மழை வரும், குளம் நிறையும், பெரும்போகம் விளையும். அதன்பின் குளத்தில் எஞ்சியிருக்கும் நீரைப் பொறுத்துச் சிறுபோகம். சப்ரகமுவவின் இந்தப் பக்கத்தில் குளத்தை நம்பி எவரும் இல்லை. மழை ஆண்டெல்லாம் தானாகவே வருகிறது. தாழ்வில் வயல், சரிவில் ரப்பர், அதற்கு மேல் தேயிலை என்று நிலம் படிப்படியாக ஏறிச் செல்கிறது. களனி கங்கையும் களுகங்கையும் இந்தச் சரிவுகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு மேற்குக் கடலுக்குப் போகின்றன. எஹலியகொடவில் வயலின் நடுவே மரச்சட்டமிட்ட குழியிலிருந்து இரத்தினக்கல்லுக்காக மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். குழியருகே நின்ற தமிழ்த் தொழிலாளி ஒருவர் என் வேட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“அய்யா எந்தப் பக்கங்க?”

“மட்டக்களப்பு.”

“அங்க வயல்ல நெல்லு மட்டுந்தான் எடுப்பீங்களா? பாவங்க!” என்று சொல்லிக் குழிக்குள் இறங்கிவிட்டார்.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பூவும் பறையும் யாழும் வகுத்தார்கள். நெய்தலும் மருதமும் கைகோத்த ஊர் என்னுடையது. இதுவோ குறிஞ்சி. ஆனால் ரப்பர் மரத்தை அவர்கள் கண்டதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் பட்டையைச் சீவினால் பால் சொரியும் மரத்துக்கு என்ன பறை வகுத்திருப்பார்களோ என்று யோசித்தபடியே அவிசாவளைக்குத் திரும்பினேன்.

அங்கிருந்து தெஹியோவிட்ட பத்துக் கிலோமீற்றர், கட்டணம் அறுபது ரூபா. பஸ்ஸுக்குள் பெரும்பாலும் சிங்களமே ஒலித்தது. எனக்கு முன்னாசனத்திலிருந்த தாயும் மகளும் தமக்குள் தமிழிலும் நடத்துநருடன் சிங்களத்திலும் மூச்சுவிடாமல் மாறி மாறிப் பேசினார்கள். இம்மாகாணத்தில் தமிழர் சிறு தொகையினர். தோட்டங்களில் இந்திய வம்சாவளித் தமிழர், கடைவீதியில் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம்கள், சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். இரண்டு மொழியும் இல்லாமல் இங்கே ஒரு தேங்காய்கூட வாங்க இயலாது.

தெஹியோவிட்டவில் டேவிட் தம் முச்சக்கர வண்டியோடு காத்திருந்தார். ஆலயத்தின் காரியதரிசியும் அவரே. தோட்டம் ஆறு கிலோமீற்றர், எழுநூறு ரூபா. பெற மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். வழியில் நிலைமையை விளக்கினார். தோட்ட நிர்வாகம் மேல்மலையிலுள்ள வயதான மரங்களை அந்த ஒன்பது பெண்களிடம் ஒப்படைத்திருக்கிறது. முதல் தொகுதி ஷீட் முதல்தரத்தில் தேறினால் அந்த மலை அவர்கள் பொறுப்பிலேயே நீடிக்கும். தேறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். அவர்கள் பழையபடி நாட்கூலிக்குப் போக வேண்டும். தரம் பார்க்கும் வியாபாரி நஸீர் முதலாளி திங்கள் காலை பத்து மணிக்கு வருகிறார்.

“ஞாயித்துக்கெழம பீடத்துல, திங்கக்கெழம லொரில. எல்லாம் ஹரிங்க வாத்தியாரய்யா,” என்றார் டேவிட், ‘சரி’யைச் சிங்களத்தில் சொல்லி.

ஆனால் எஸ்தர் இருந்தார்.

அந்த ஒன்பது பேருக்கும் தலைவி அவர். ஐம்பது வயதிருக்கும். புகைக்கூடத்தின் சாத்திய கதவுக்கு முன்னே, அடுப்பு வாயில் ரப்பர் விறகை ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். புதன்கிழமை வெட்டிய பாலை வடிகட்டி, அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, வியாழன் காலையில் நூற்றிருபத்து நான்கு ஷீட்டை உள்ளே தொங்கவிட்டிருக்கிறார்கள். நான்கு நாள் மெதுவான புகை வேண்டும். அதற்கு முன் எடுத்தால் நடுவில் வெள்ளை நிற்கும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினாலோ குமிழ் விழும். இரண்டில் எது நேர்ந்தாலும் முதல்தரம் இல்லை.

“நாளைக்குக் காலைல எடுத்து, ஆராதன முடிஞ்சதும் திரும்பத் தொங்கவிடலாம்ல எஸ்தரக்கா?” என்றார் டேவிட்.

“எடுத்தா ஈரக் காத்து படும். அப்புறம் நீங்க வந்து ஊதிக் காய வைப்பீங்களா?”

“வாத்தியாரய்யா மட்டக்களப்புல இருந்து நெல்லுக் கதிரே கொண்டாந்திருக்காரு. நம்ம பீடத்துல என்னத்த வைக்கிறது, மரவள்ளிக் கெழங்கா?”

“வைங்க. அது வெளஞ்சிருக்கு. இது இன்னும் வெளையல.”

டேவிட் என்னைப் பார்த்தார். வேதத்திலிருந்து நான் ஒரு வாக்கியம் எடுத்துப் போட்டால் பேச்சு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது தெரிந்திருந்தது. சட்டைப்பையில் பிரசங்கம் இருந்தது.

எஸ்தர் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் முன்னே வந்து நின்றார். “அய்யா, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. பாதி காஞ்ச ஷீட்ட நஸீர் மொதலாளியே வாங்க மாட்டாரு. அதக் கர்த்தருக்குக் குடுக்கலாமுங்களா?”

பலியிடுவது பழுதற்றதாக இருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். புகைக்கூடத்தில் அதற்கு என்ன பொருள் என்பதை அந்த அம்மையார் எனக்குக் காட்டிவிட்டார்.

“கதவைத் திறக்க வேண்டாம். பீடத்தை இங்கே கொண்டு வருவோம்,” என்றேன்.

டேவிட் தலையில் கை வைத்தார். “எல்லாரும் பொகையில இருமிக்கிட்டே பாடுவாங்களே அய்யா!”

“இருமட்டும். பாட்ட விட்டுறாம இருமச் சொல்லுங்க,” என்றார் எஸ்தர்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆலயத்தில் தொடங்கிய ஆராதனை, இரண்டாம் பாடலோடு பவனியாகப் புறப்பட்டது. மரவள்ளி, வாழைக்குலை, பப்பாசி, ஒரு கூடை முட்டை, ஒரு சேவல், நடுவில் என் நெற்கதிர். அரைக் கிலோமீற்றர் ஏற்றம். என் வயதுக்கு அதை இருபது நிமிடத்தில் ஏறியதைச் சாதனையாகவே கருதுகிறேன். புகைக்கூட வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேசை. சாத்திய கதவின் முன்னே நான் நெற்கதிரை வைத்தேன். டேவிட் சொன்னபடியே அனைவரும் இருமினர். எழுதி வந்த பிரசங்கத்தை நான் எடுக்கவே இல்லை. எங்கள் ஊரில் ஆண்டுக்கு இருமுறை அறுத்துவிட்டுக் களைப்பாறுகிறோம். நீங்களோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியலில் அறுவடை செய்கிறீர்கள் என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசினேன். நான் பேசிக்கொண்டிருக்கையிலேயே எஸ்தர் குனிந்து ஒரு விறகைத் தள்ளினார். அந்த ஆராதனையில் மிகச் சரியான நேரத்தில் செய்யப்பட்ட காரியம் அதுதான்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. இங்கே மழை என்றால் கூரை இரையும், பக்கத்திலிருப்பவர் பேச்சு கேட்காது. விறகு நனைந்தால் நெருப்பு அவியும். அவிந்தால் உள்ளே ஈரம் ஏறும். சபையார் தத்தம் வீட்டு அடுப்புக்கென உலர்த்தி வைத்திருந்த விறகைச் சாக்கால் மூடிக்கொண்டு வந்து குவித்தார்கள். மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியையே டேவிட் விறகின்மேல் போர்த்தினார். “கர்த்தர் மன்னிப்பாரு. என் வீட்டம்மாதான் மன்னிக்க மாட்டா, தச்சது அவ,” என்றார். நெருப்பு அவியவில்லை.

திங்கள் காலை பத்து இருபதுக்கு நஸீர் முதலாளியின் சிறிய லொறி வந்தது. அவர் தெஹியோவிட்டக் கடைவீதியில் ரப்பர் வாங்குபவர். மெலிந்த மனிதர், பேச்சில் சிக்கனம். எஸ்தர் கதவைத் திறந்தார். தேன்நிறத்தில் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. முதலாளி ஒவ்வொன்றாக எடுத்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, கட்டுக்கட்டாகக் கட்டி வைத்தார். வெளிச்சம் ஊடுருவ வேண்டும். வெள்ளையோ குமிழோ தூசியோ தெரியலாகாது. ஒன்பது பெண்களும் நின்றார்கள். எவரும் உட்காரவில்லை. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் அப்படியே நின்றார்கள்.

கடைசி ஷீட்டையும் பார்த்துவிட்டு முதலாளி, “எல்லாம் ஒண்ணாம் தரம்,” என்றார்.

முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் சொல்லால் எஸ்தர் சொன்னார்: “இல்ல நானா.”

டேவிட் கண்களை மூடிக்கொண்டார்.

“நாலாவது கட்டுல ஒண்ணு இருக்கு. ஓரத்துல மரப்பட்டத் தூசி. வடிகட்டையில தப்பிப் போயிருச்சு, நீங்க தூக்கிப் பிடிக்கையில கண்டேன். திரும்பப் பாருங்க.”

முதலாளி நான்காவது கட்டை அவிழ்த்து, தேடி, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். நகக்கண் அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு எஸ்தரை நிமிர்ந்து பார்த்தார். “விக்கிற ஆள் கொறை காட்டி நான் கண்டதே இல்ல தாத்தா. இனி ஒங்கட ஷீட்ட நான் அவ்வளவு நேரம் பாக்கத் தேவல்ல,” என்றார். இங்குள்ள முஸ்லிம்கள் அக்காவை அழைப்பது தாத்தா என்றுதான். பிறகு தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய துண்டுச்சீட்டில் நூற்றிருபத்து மூன்று முதல்தரம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அதற்குப் பின் நிகழ்ந்ததை ஒழுங்காக விவரிக்க இயலவில்லை. யாரோ தப்பு மேளத்தை எடுத்து வந்தார்கள். டேவிட் ஆடினார். நானும் கை தட்டினேன். தாளம் தவறியது என்று பின்னர் சொன்னார்கள். மேல்மலை அவர்களிடமே இருக்கிறது. மறுநாள் விடியலில் மீண்டும் பால் வெட்டப் போவதாகச் சொன்னார்கள்.

போக விரும்புவோருக்குச் சில சொற்கள். ரயில் ஆசனத்தைப் பத்து நாள் முன்னரே பதிவு செய்யுங்கள். கொழும்புக்குப் போகாமல் பொல்கஹவெலயில் இறங்கிக் கேகாலை வழியாக பஸ் மாறியும் வரலாம் என்கிறார் டேவிட். நான் அவ்வழி சென்று பார்க்கவில்லை. அட்டைக்குச் சவர்க்காரத்தை, அதாவது சோப்பை, காலில் தடவுங்கள், குடையை மறவாதீர்கள். பால் வெட்டுவதைப் பார்க்க ஆறு மணிக்கு முன்னரே மலையில் இருக்க வேண்டும். சிங்களத்தில் பத்துச் சொல்லேனும் கற்றுக்கொள்ளுங்கள். புகைக்கூடத்தின் கதவை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள்.

புறப்படும்போது எஸ்தர் அந்த நூற்றிருபத்து நான்காவது ஷீட்டைச் சுருட்டிச் சணல் கயிற்றால் கட்டி என்னிடம் நீட்டினார். எங்கள் ஆலயத்துப் பீடத்தில் இதை வைக்கிறேன் என்றேன்.

“ஐயய்யோ, புள்ளி இருக்குதுங்களே! இது கர்த்தருக்கு இல்லீங்க,” என்று சிரித்தார். “உங்களுக்கு.”

இப்போது அது என் வாசிப்பு அறையின் யன்னலில் தொங்குகிறது. காலையில் கடற்பக்கமிருந்து வெயில் ஏறும்போது அறை முழுதும் தேன்நிறமாகிறது, ஓரத்தில் அந்த ஒரு புள்ளியோடு. அறையில் இன்னும் புகை மணக்கிறது.