துரையைக் கட்டிய ஆணிகள்

புசல்லாவைக்கு மேலே தேயிலை மலையில் பாழடைந்து கிடக்கும் துரை பங்களாவில் பேய் இருக்கிறது என்று முதலில் கதை கட்டியவள் ஜெயராணி. காரணம் சுத்தமான சுயநலம். குவைத்தில் வீட்டு வேலை செய்து வாங்கிய தங்கச் சங்கிலியைப் பால்மா டின்னில் போட்டு, அந்தப் பங்களாத் தோட்டத்தில்தான் புதைத்திருந்தாள். வீட்டில் வைக்க முடியுமா? புருஷன் யோகராஜ், தாகம் எடுத்தால் கூரைத் தகரத்தையே கழற்றி விற்றுக் குடிக்கிற உத்தமன். மறுபடி குவைத்துக்குக் கிளம்பும்போது, யாரும் அங்கே தோண்டிவிடக் கூடாதே என்று தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனாள்.

"செத்துப்போன வெள்ளக்காரத் தொர அங்க சுருட்டுப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன்."

ஊர் சும்மா இருக்குமா? காய்ச்சல் வந்தாலும் துரை, மாடு பால் தராவிட்டாலும் துரை. ஒவ்வொரு தடவையும் பூசாரி பொன்னையா எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்தி, பங்களாத் தோட்டத்தில் புதைத்து, துரையைக் 'கட்டிவிட்டு' வந்தார்.

பல வருஷம் கழித்து, மகள் தர்ஷிகாவின் கல்யாணத்துக்காக ஜெயராணி திரும்பி வந்தாள். பிள்ளை கழுத்துக்கு அந்தச் சங்கிலியை விட்டால் வேறு பொட்டுத் தங்கம் கிடையாது. போய்ப் பார்த்தால், அடையாளம் வைத்த கொய்யா மரத்தையே எவனோ விறகுக்கு வெட்டிவிட்டான். மண்ணுக்குள் உலோகம் தேடும் மெஷின் வைத்திருந்த டிவி ரிப்பேர்காரர் ஷிராஸைத் திகன டவுனிலிருந்து வரவழைத்தாள். பொலிஸ் புதையல் கேஸ் போட்டுவிடுமோ என்று அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் கத்தியது. தோண்டினால் ஆணி. ஓரடி தள்ளிப் பிடித்தால் இன்னொரு ஆணி. அதற்குப் பக்கத்திலும் ஆணி!

"என்னக்கா இது? தொர ஹாட்வெயார் கடயா வச்சிருந்தாரு?" என்றார் ஷிராஸ்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆணி பிடுங்குகிற சேதி கேட்டு லயமே திரண்டு வந்தது. முன்னால் பொன்னையா, பின்னால் தள்ளாடியபடி யோகராஜ்.

"அடிப்பாவி, போட்ட கட்ட அவுக்கிறியே! தொர வெளிய வந்தா யாரு பதில் சொல்றது?" என்று பொன்னையா கத்தினார்.

"தொரயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! நான்தான் சும்மா சொன்னேன்!"

பொன்னையா கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "கேட்டீங்களா? தொர இவ மேல ஏறிட்டாரு. தப்பிக்கத்தான் இப்பிடிப் பேசுறாரு."

இந்தச் சனத்திடம் உண்மை செல்லாது என்றால், பொய்யாவது உழைக்கட்டும். ஜெயராணி கூந்தலை அவிழ்த்துப் போட்டாள்.

"ஆமாண்டா, தொரதான்! எனக்கு அடிச்ச ஆணி எல்லாத்தையும் இப்பவே புடுங்குங்க! ஒண்ணு மிச்சம் இருந்தாலும் லயத்துக்கு எறங்கி வருவேன்!"

வெள்ளைக்காரத் துரைக்கு இவ்வளவு நல்ல தமிழ் எப்படி வந்தது என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. ஷிராஸ் மெஷினைக் காட்டக் காட்ட எல்லாரும் விழுந்து விழுந்து தோண்டினார்கள். கடைசியில் யோகராஜின் மண்வெட்டிதான் டின்னில் பட்டது. மூடியைத் திறந்தவனின் கை சங்கிலியை நோக்கிப் போயிற்று.

"டேய் யோகராஜ்!"

கை நின்றது.

"ஜெயராணி ஊரான் வீட்டுக் கக்கூஸ் கழுவிச் சம்பாரிச்சது அது. அவ புள்ளைக்குத்தான். நீ தொட்டீன்னா, கைய முறிச்சிப்புடுவேன்!" துரையின் குரல் பாதியில் உடைந்தது. இத்தனை வருஷமும் அவள் தொண்டையில் கிடந்த பேச்சு அது.

யோகராஜ் டின்னை அவள் காலடியில் வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, பெண்டாட்டி முன்னால் கைகட்டி நின்றான்.

"சரிங்க தொர."